கடைசியாக வருபவர் படலைச் சாத்த வேண்டும்

ஜூன் 29, ஞாயிறு

இன்றைக்கு மட்டும் ஏழு தவறுகள். வீட்டுக்கு வந்து குளிக்கக்கூட இல்லை, முதலில் எழுதி வைக்கிறேன். பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகச் செக்கிங் பார்க்கிறேன். ஆயிரம் உருப்படியில் ஏழு தவறு வந்தால் லைன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்பேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை நடையில் ஒன்பது நாய்க்கு ஏழு தவறு. யாரை நிற்க வைப்பது?

பல் டாக்டர் தம்பதி மலம் அள்ளும் பையை மறந்துவிட்டு வந்தார்கள், மூன்றாவது வாரமாக. பையை மறக்கிறவர்கள் நாயை மட்டும் எப்படி மறக்காமல் கொண்டுவருகிறார்கள்? பேங்க்காரர் தன் நாயை வேலிக்காலில் கட்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே இரண்டாம் மாடி தினகரன். குட்டையோரம் போனதும் தன் நாய் ஜாங்கிரியை அவிழ்த்தே விட்டுவிட்டான்.

"ரெண்டே நிமிசமுங்க்கா. ஓடிட்டு வந்துரட்டும். வாரம் பூரா பால்கனியிலயே கெடக்குது."

ரூல் ஒன்று என்ன? கயிறு கையை விட்டுப் போகக் கூடாது. அதை எழுதியது நான். எல்லோரும் கட்டைவிரல் காட்டி ஒப்புக்கொண்டது வாட்ஸப்பில் இன்னும் இருக்கிறது.

எங்கள் அபார்ட்மெண்ட் காங்கேயம் ரோட்டில் இருக்கிறது. வாசலில் நாயோடு இறங்கினால் லாரி. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்பது நாய்களையும் ஏற்றிக்கொண்டு எட்டுக் கிலோமீட்டர் தள்ளி மரகதத்தின் கொறங்காட்டுக்குப் போகிறோம். சுற்றிலும் கிளுவை முள்வேலி போட்ட மேய்ச்சல் நிலம். உள்ளே நாற்பது செம்மறி ஆடுகள். காவலுக்கு ஆள் கிடையாது, வேலியும் படலும்தான் காவல். படல் என்றால் மூங்கிலும் முள்ளும் வைத்துக் கட்டிய கதவு. மரகதம்தான் எங்கள் அபார்ட்மெண்டுக்குப் பால் ஊற்றுகிறார். தினகரன் கேட்டதும் சரியென்றார். ஒரே நிபந்தனைதான் சொன்னார்: "நாயி ஆட்டைப் பாக்காம, ஆடு நாயைப் பாக்காம போய்ட்டு வந்தாச் சரிங்க."

இதைக்கூடக் காப்பாற்ற முடியாத கூட்டத்தைக் கட்டி இழுக்கிறேன். பூசணி ஒன்றுதான் ஒழுங்கு. என் மகள் பிரதிபா கனடா போகும்போது விட்டுப் போன நாய். ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்கிறேன் என்றாள். மூன்று வருடம் ஆகிறது.

ஜூலை 1, செவ்வாய்

ரூல் ஐந்து கண்டுபிடித்துவிட்டேன். ஒவ்வொரு நாயின் கழுத்திலும் மணி. ஏதோ ஒரு குளிர்நாட்டு வீடியோவில் பார்த்தேன். மணிச் சத்தம் தூரத்திலேயே கேட்டால் மேய்கிற விலங்கும் பறவையும் ஒதுங்கிவிடுமாம். நாய் எங்கே நிற்கிறது என்பதும் நமக்குத் தெரியும். தினகரன் வகையறா இனி ஏமாற்ற முடியாது.

வேலை முடிந்ததும் சந்தைப்பேட்டையில் கால்நடைச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். நாய்க் கடைகளில் விற்பதெல்லாம் தகர டப்பா, இரண்டு வாரம் தாங்காது. இங்கே நல்ல பித்தளை. ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, ஒரே மாதிரிச் சத்தம் வருகிற ஒன்பதைப் பொறுக்கி எடுத்தேன்.

கடைக்காரர், "எத்தன உருப்படி ஆடு வெச்சிருக்கறீங்க?" என்றார்.

நாய்க்கு என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்படிப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

ஜூலை 6, ஞாயிறு

மணியோடு முதல் நடை. இரண்டே தவறு. ஒன்று டாக்டரம்மா (பை). இன்னொன்று தினகரன், பத்து நிமிடம் தாமதம்.

மணி கட்டியதில் யாருக்கும் சந்தோஷம் இல்லை. "கோயில் ஊர்வலம் மாதிரி இருக்குதுங்க்கா" என்று தினகரன் சிரித்தான். சிரிக்கட்டும். சத்தம் அருமையாக இருந்தது. கொறங்காட்டின் மறு கோடியில் மேய்ந்த ஆடுகள்கூடத் தலையைத் தூக்கிவிட்டுப் பாதையோரம் வரைக்கும் வந்து நின்றன. போன வாரம் வரை எங்களைச் சட்டையே செய்யாத ஆடுகள். பழகிவிட்டன போலிருக்கிறது.

கடைசியாக வருபவர் படலைச் சாத்த வேண்டும் என்பது ரூல் மூன்று. யாரையும் நம்ப முடியாது என்பதால் நானே கடைசியில் வருகிறேன்.

ஜூலை 9, புதன்

கம்பெனியில் ஒரு லாட் முழுக்கக் கழுத்துப்பட்டி கோணல். கத்திக் கத்தித் தொண்டை போயிற்று. சாயங்காலம் பூசணியிடம்கூடப் பேசவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் எழுதியது: தினகரன் மறுபடியும் அவிழ்த்துவிட்டான். அதே குட்டை, அதே "ரெண்டு நிமிசம்". கடிகாரத்தில் பார்த்தேன், பன்னிரண்டு நிமிடம். எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்டேன். அவன் மணிச் சத்தம் வந்த திசையில் போய் நாயைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டான். மற்றவர்களும் விறுவிறுவென்று கார்களுக்குப் போய்விட்டார்கள், நான் என்னமோ அவர்களைத் திட்டியது போல.

கடைசியாகப் படலைச் சாத்தினேன். இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். திரும்பினால் மூன்று ஆட்டுக்குட்டிகள் பூசணியின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. தார் ரோடு வரைக்கும் பின்னாலேயே வந்தன. எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. வீடியோ எடுத்துப் பிரதிபாவுக்கு அனுப்பினேன். தினகரன் வேனுக்குப் பக்கத்திலிருந்து ஏதோ சொன்னான். நீ முதலில் உன் நாயைப் பார் என்றேன். சரியாகத்தான் சொன்னேன்.

பிரதிபாவிடமிருந்து பதில் இல்லை. அங்கே ராத்திரியாக இருக்கும்.

சாயங்காலம் எழுதுவது: நாலரை மணிக்கு மரகதம் போன் செய்தார். மூன்று குட்டிகள் செத்துக் கிடக்கின்றன. தார் ரோட்டோரம், கோழிக்கழிவு கொட்டுகிற மேட்டுக்குப் பக்கத்தில். கழுத்திலும் தொடையிலும் நாய்க்கடி.

"உங்க நாயிங்க வந்துட்டுப் போன அன்னிக்கேதானுங்க. நான் என்னன்னு நெனைக்கறது?" என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

எனக்குத் தெரியும் யார் என்று. பன்னிரண்டு நிமிடம்.

ஜூலை 14, திங்கள்

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கீழே பார்க்கிங்கில் கூட்டம் போட்டேன். ஜாங்கிரி உள்ளே துரத்தியிருக்கிறது, குட்டிகள் மிரண்டு வெளியே ஓடியிருக்கின்றன, அது பின்னாலேயே போய்க் கடித்திருக்கிறது. மூன்றும் மூன்றும் ஆறு போலத் தெளிவான விஷயம். தெருவில் பொறுக்கி வந்த நாய், பாதிக் காது கிடையாது, அதன் குணம் எங்கே போகும் என்று பேங்க்காரர் சொன்னார். அதை நான் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

தினகரன், "அவுத்து உட்டது தப்புத்தானுங்க்கா, ஒத்துக்கறேன். ஆனா அது குட்டைத் தண்ணியில கெடந்துச்சு, ஆட்டுப் பக்கமே போகல. நாங்க கெளம்பறப்பக் குட்டிங்க ரோட்டுல உசுரோட நின்னுச்சுங்க. நான் உங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன்" என்றான்.

"அப்படி ஒண்ணும் எங் காதுல உழுகல" என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு மாடிக்குப் போய்விட்டான்.

அசோசியேஷனுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். இந்த நாய் குடியிருப்பில் இருப்பது ஆபத்து, அகற்ற வேண்டும் என்று. ஆறு பேர் கையெழுத்து. என் கையெழுத்து முதலில். ரூலை எழுதிவிட்டு மீறுகிறவனைச் சும்மா விட்டால் எழுதியவளுக்கு என்ன மரியாதை?

ஜூலை 16, புதன்

பிரதிபா இன்றைக்குத்தான் வீடியோ பார்த்தாளாம். "சூப்பர்மா, செம க்யூட். அப்புறம் அதுங்க திரும்ப எப்படி உள்ள போச்சு?" என்று கேட்டிருக்கிறாள்.

மூன்று நாள் கழித்துப் பார்க்கிறவளுக்குக் கேள்வி வேறு. சாப்பிட்டாயா என்று மட்டும் பதில் போட்டேன்.

ஜூலை 17, வியாழன்

அசோசியேஷன் உத்தரவு லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. சனிக்கிழமைக்குள் ஜாங்கிரி வெளியேற வேண்டும், இல்லையென்றால் வாடகைக்காரர் வெளியேற வேண்டும். "வெளியேற" என்பதில் எழுத்துப்பிழை. பேனாவால் திருத்தினேன்.

பால் ஊற்ற வேறொருவர் வருகிறார். மரகதம் எங்கள் அபார்ட்மெண்டுக்கு இனி வர மாட்டாராம்.

ஜூலை 19, சனி

காலை பத்து மணிக்குத் தினகரன் ஜாங்கிரியை இறக்கிக்கொண்டு போனான். பல்லடம் பக்கம் ஏதோ நாய்க் காப்பகம். வேனில் ஏற்றும்போது அது அவனைப் பார்த்து, பிறகு காலியாக இருந்த பக்கத்து ஸீட்டுகளைப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்துக்கொண்டது போலிருக்கிறது. கழுத்தில் இன்னும் மணி. அவிழ்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வந்த பிறகுதான் கவனித்தேன், காய்ந்த துணியையே திரும்ப உதறிப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

நடை இல்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. பேங்க்காரர் முதுகுவலி என்றார். குற்றவாளியைத்தான் அனுப்பியாகிவிட்டதே, இன்னும் இவர்களுக்கு என்ன?

மரகதத்திடம் நேரில் போய்ச் சொல்லலாம் என்று பூசணியை ஸ்கூட்டர் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

மரகதம் படலுக்கு உள்ளே நின்றார். திறக்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "எந்த நாயி கடிச்சா என்னங்க? அந்த மேட்டுல பத்து நாயி கெடக்குது. கோழிக் குடலைத் தின்னு ருசி கண்ட நாயிங்க. குட்டி வெளிய போனா உடுமா? என்ற குட்டி எப்படி வெளிய போச்சுன்னுதான் எனக்கு வெளங்கல. வேலியில ஒரு சந்து இல்ல. படல் சாத்தித்தான் இருந்துச்சு" என்றார்.

அப்போது பூசணி தலையை உதறியது.

சத்தம் கேட்டதும் எங்கோ புளியமரத்தடியில் கிடந்த ஆடுகள் எழுந்தன. எல்லாம் ஒன்றாக, ஒரே திசையில், எங்களை நோக்கி வந்தன. குட்டிகள் முன்னால் ஓடி வந்தன. படலில் முட்டிக்கொண்டு நின்றன. மரகதம் ஆடுகளைப் பார்த்தார். பூசணியின் கழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இந்த மணிய எங்க வாங்குனீங்க?"

சொன்னேன்.

"என்ற கெடாய்க்கும் அங்கதானுங்க வாங்குனேன்." கூட்டத்தின் நடுவில் நின்ற பெரிய கிடாயைக் காட்டினார். அதன் கழுத்திலும் பித்தளை. "கெடாய் மணிச் சத்தம் எங்க போவுதோ அங்க போவும் ஆடு. பொறந்த பத்தா நாள்ல குட்டி பழகிக்கும். ஆள் இல்லாத காட்டுல அதுதானுங்க எங்களுக்கு மேய்க்கற ஆளு. அதைக் கொண்டாந்து நாயிக்குக் கட்டி உட்ருக்கறீங்களே."

பூசணியின் மணி ஆடாமல் கையால் பொத்திப் பிடித்தேன்.

"அன்னிக்குப் பொழுதோட நான் வர்றப்ப தாயாடு மூணும் இந்தப் படலுகிட்ட நின்னு கத்திக்கிட்டுக் கெடந்துச்சுங்க. உள்ளார இருந்து. தொண்டை கட்டிப்போச்சு அதுகளுக்கு."

பூசணியின் மணியை அங்கேயே கழற்றினேன். கொக்கி லேசில் வரவில்லை. நகம் பெயர்ந்தது.

ஜூலை 21, திங்கள்

எழுதப் பிடிக்கவில்லை. அந்தக் கடைக்காரன் சொல்லியிருக்கலாம். மரகதம் மணியைப் பற்றி முதலிலேயே சொல்லியிருக்கலாம். பால் ஊற்ற வருகிறவர்தானே, ஒரு வார்த்தை. அந்த வீடியோ எடுத்த குளிர்நாட்டுக்காரன் நாசமாய்ப் போக. அவன் ஊரில் ஆடே கிடையாதா?

ஜூலை 22, செவ்வாய்

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். செக்கிங் டேபிளில் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போல ஒவ்வொரு வரியாக. மணி வாங்கிய வரி. ஆடுகள் பாதையோரம் வந்து நின்ற வரி. "இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்." எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. பதின்மூன்றாம் தேதி காலையில் நான் குட்டிகளை வெளியே விட்டுப் படலைச் சாத்தினேன். தாயாடுகள் உள்ளே இருந்தன. ரூல் மூன்றைச் சரியாகக் கடைப்பிடித்தேன்.

பிறகு வீடியோவைப் பார்த்தேன். அது போனில் இருந்ததே மறந்துவிட்டது என்று எழுதலாம். மறக்கவில்லை. கூட்டம் போட்ட அன்றைக்கும் நினைவு இருந்தது. பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நாற்பத்தொரு நொடி. மூன்று குட்டிகள் துள்ளி வருகின்றன. தூரத்தில் தார் ரோடு, தினகரனின் வேன். ஜாங்கிரி கயிற்றோடு வேனில் ஏறுகிறது, ரொம்பத் தெளிவாக. தினகரன் கையைக் காட்டிக் கத்துகிறான்: "அக்கா, குட்டிங்க வெளிய வந்துருச்சு. படலைத் தெறந்து உள்ள உடுங்க."

என் குரல்: "நீ மொதல்ல உன்ற நாயைப் பாரு."

இப்படியா நான் பேசுகிறேன்? ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் இந்தக் குரலில் பேசியிருப்பேன்? என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடிக்கப் போனேன். அடித்தால் வீடியோவும் போய்விடும். மனசு அதையும் கணக்குப் போட்டது என்பதை எழுதி வைக்கிறேன், யாரும் படிக்கப் போவதில்லை என்றாலும்.

ஜூலை 23, புதன்

காலை ஐந்தே முக்காலுக்குக் குழுவில் வீடியோவைப் போட்டேன். கீழே எழுதியது: "குட்டிகளை வெளியே விட்டுப் படலைச் சாத்தியது நான். மணி கட்டியது நான். காதில் விழவில்லை என்று சொன்னது பொய். சாந்தாமணி."

ஒன்பது பேரும் பார்த்துவிட்டார்கள். ஒரு பதிலும் இல்லை. டாக்டரம்மா மட்டும் எதையோ எழுதி அழித்திருக்கிறார்.

அசோசியேஷன் செயலாளரிடம் போனேன். உத்தரவை வாபஸ் வாங்குங்கள் என்றேன்.

"நீங்கதானுங்க எழுதிக் குடுத்தீங்க" என்றார்.

"நாந்தான் எழுதிக் குடுத்தேன். நாந்தான் இப்ப வேண்டாங்கறேன்."

"நெனச்சா எழுதறது, நெனச்சா வாபஸா? நாளைக்கு அது யாரையாச்சும் கடிச்சா யாருங்க பொறுப்பு?"

"நான்" என்றேன். எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். முன்பு எழுதியது அரைப் பக்கம்தான். மத்தியானத்துக்குள் லிஃப்டுக்குப் பக்கத்திலிருந்த உத்தரவை எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் தினகரன் கதவைத் தட்டினான். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"அந்த வீடியோ குட்டிங்க செத்த ஞாயித்துக்கெழமையே உங்ககிட்ட இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு."

"நாங் கத்துனது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு."

"சரிங்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

ஜூலை 24, வியாழன்

லீவு போட்டுவிட்டுக் காப்பகத்துக்குப் போனேன். ஜாங்கிரியைக் கூட்டிவரக் கிளம்பிய தினகரன் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போய் வேனில் பின் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டேன். அவன் இறங்குங்க என்று சொல்லவில்லை.

ஐந்து நாளில் பாதியாகிவிட்டது நாய். சங்கிலி உரசிக் கழுத்தில் புண். சரியாகச் சாப்பிடவில்லை என்று அங்கே இருந்த பெண் சொன்னாள். தினகரன் மண்டியிட்டு அதைக் கட்டிக்கொண்டான். அதற்கப்புறம் அது என்னிடம் வந்து முகர்ந்துவிட்டு வாலை ஆட்டியது. என்னைத் தெரிந்த ஆள் என்று நினைத்துக்கொண்டது. அங்கேயே அழுதுவிட்டேன். தினகரன் பார்த்தும் பார்க்காதது போல இருந்தான்.

அதன் கழுத்து மணியை நானே கழற்றினேன்.

ஜூலை 27, ஞாயிறு

வீடு வீடாகப் போய் மற்ற மணிகளையும் வாங்கினேன். எல்லோரும் கதவை அரைகுறையாகத் திறந்து நீட்டினார்கள். ஒன்பதையும் மரகதத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படலுக்கு இந்தப் பக்கம் நின்று, நடந்தது முழுவதையும் சொன்னேன். வீடியோவையும் காட்டினேன். அவர் குட்டிகளை மட்டும் பார்த்தார். மூன்றுக்கும் பெயர் இருந்திருக்கிறது. சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

மணிகளை வாங்கிக்கொள்ளவில்லை. "என்ற காட்டுக்கு ஒண்ணு போதுமுங்க" என்றார். திட்டவும் இல்லை, போங்க என்றும் சொல்லவில்லை. ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். திரும்பும் வழியில் பாதி தூரத்தில் ஒரு பாழுங்கிணறு இருக்கிறது. மணிகளைப் பையோடு அதில் போட்டேன்.

ஜூலை 31, வியாழன்

குழு கலைந்துவிட்டது. ஒவ்வொருவராக வெளியேறிவிட்டார்கள். அட்மின் நான் மட்டும் இருக்கிறேன். பூசணி ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவருகே உட்கார்ந்திருந்தது. அதற்கு யார் சொல்வது? வாரத்துக்கு ஒருநாள் ஒன்பது பேர் என்னை அக்கா என்று கூப்பிட்டார்கள். அதற்காகவும்தான் அத்தனை ரூலும். இப்போது எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

மத்தியானம் ஒரு புதுக் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். ஆரம்பித்தது தினகரன். மரகதத்திடம் அவனே போய்ப் பேசியிருக்கிறான். கொறங்காட்டுக்குள் போகக் கூடாது, வெளியே வேலியோரப் பாதையில் மட்டும், ஒரு தடவைக்கு நாலு நாய். அப்படி ஒப்புக்கொண்டிருக்கிறார். கீழே ரூல்கள்.

ஒன்று, மணி கூடாது. இரண்டு, கயிற்றை யாரும் அவிழ்க்கக் கூடாது, தினகரன் உட்பட. மூன்று, மலம் அள்ளும் பை. நாலு, கடைசியாக வருபவர் சாத்துவதற்கு முன்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். வெளியே ஆட்டுக்குட்டி நின்றால் மரகதம் அக்காவுக்குப் போன் செய்துவிட்டு, அவர் வரும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.

நாலாவதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்: சாந்தாமணி அக்கா.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை பேர் முன்னால் போட்டிருக்கிறானே என்று. உள்ளே போகவே கூடாது என்கிற போது சாத்துவதற்கு ஏது படல் என்று கேட்டு எழுதப் போனேன். பாதி அடித்துவிட்டு அழித்தேன். வேலியோரப் பாதைக்கு ஒரு படலும் கிடையாது. அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் கடைசியில் வருகிற இடத்தை எனக்கு வைத்திருக்கிறான்.

கட்டைவிரல் போட்டேன். காலை ஐந்துக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.